வெண்குறுமீனைச் சுற்றித் தூசு தேடிய அனுபவம்

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு எனக்கு டெலஸ்கோப்பே தேவைப்படவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியறை, பழைய லேப்டாப், போன் ஹாட்ஸ்பாட், அவ்வளவுதான். விண்மீன்களின் இடத்தை அளந்த கையா, அகச்சிவப்பில் வானத்தைப் படமெடுத்த டூமாஸ், வைஸ்: மூன்றின் தரவும் இலவசம்.

தேடியது அகச்சிவப்பு மிகை, அதாவது இருக்க வேண்டியதைவிடக் கூடுதலான அகச்சிவப்பு ஒளி. வெண்குறுமீன் என்பது எரிந்து முடிந்த விண்மீனின் சுருங்கிய, சூடான மையம். நான் எடுத்த 112 வெண்குறுமீன்களின் வெப்பமும் பத்தாயிரம் கெல்வினுக்கு மேல். அவற்றின் ஒளி அகச்சிவப்புப் பக்கம் போகப்போகத் தேய வேண்டும். தேயாமல் 3.4, 4.6 மைக்ரானில் தூக்கி நின்றால், அருகே குளிர்ந்த ஏதோ இருக்கிறது: பழுப்புக் குறுமீன் (விண்மீனாக எரியும் அளவு நிறையில்லாதது), அல்லது நொறுங்கிய சிறுகோளின் தூசு. ஆச்சியிடம் சொன்னேன். "அடுப்புக்கல்லு தானா எரியாட்டாலும் கையச் சுடும்லா, அப்படியா?" என்று கேட்டாள். அப்படியேதான்.

முதலில் பார்த்தது ஜி29-38 என்ற வெண்குறுமீன். 57 ஒளியாண்டு தொலைவு. 1987-ல் வானியலாளர்கள் சக்கர்மனும் பெக்லினும் ஹவாயின் மௌனா கியா மலையிலிருந்து இதில்தான் மிகையைக் கண்டார்கள். பழுப்புக் குறுமீனாக இருக்கலாம் என்று அப்போது நினைத்தார்கள். தூசு என்பது பிறகுதான் உறுதியானது. என் வரைபடத்திலும் புள்ளிகள் எதிர்பார்த்த கோட்டை விட்டு எழும்பின. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

அடுத்த வாரம் இன்னொன்று சிக்கியது. 4.6 மைக்ரானில் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு! யாரும் சொல்லாத விண்மீன். இரண்டு வாரம் அதையே எழுதினேன். புராஜெக்ட் வழிகாட்டி சார் வாசித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "படத்தப் பாத்தியாடே?"

பார்க்கவில்லை. எண்களை மட்டுமே இறக்கியிருந்தேன்.

வைஸின் கண்ணாடி 40 செ.மீ.தான். ஆறு ஆர்க்செகண்டுக்குள் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட்) இருப்பதெல்லாம் அதற்கு ஒரே பொட்டு. அதைவிடக் கூர்மையான பான்ஸ்டார்ஸ் தொலைநோக்கியின் படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். என் விண்மீனுக்குக் கிழக்கே மூன்று ஆர்க்செகண்டில், விரலால் திருநீறு தீற்றினாற்போல் மங்கலாக ஒன்று. பழைய படங்களில் விண்மீன் இடம் மாறியிருந்தது. தீற்றல் நின்ற இடத்திலேயே நின்றது. பின்னணியில் கிடக்கும் கேலக்ஸி. மிகை முழுக்க அதனுடையது.

வயிறு கலங்கிவிட்டது. ஆனாலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். டூமாஸ் 1997 முதல் 2001 வரை எடுத்தது, வைஸ் 2010. நடுவில் விண்மீன் நகர்ந்திருக்கும் என்பதால் ஒவ்வொன்றின் இடத்தையும் அந்தந்த ஆண்டுக்குத் திருத்தினேன். இந்த வேலைக்கு வருகிறவர்கள் அதை முதல் நாளே செய்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு படமாகக் கண்ணால் பார்த்தேன். அதற்கே பன்னிரண்டு நாள் ஆனது.

தேறியவை மூன்று. மூன்றும் மற்றவர்கள் முன்பே கண்டவை. தவறிய அந்த விண்மீனின் இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, புராஜெக்ட்டில் தனி அத்தியாயமாகச் சேர்த்தேன்.