சாமி வீட்டில் இருக்கிறார்

நவம்பர் 16, சனி
கார்த்திகை ஒன்று. இந்தத் தடவை அவரோடு பாப்பாவுக்கும் மாலை. அடுத்த கார்த்திகைக்குள் அவளுக்குப் பத்து வயது ஆகிவிடும், அப்புறம் 50 வரைக்கும் சபரிமலை ஏற முடியாது என்று கணக்குச் சொன்னார். "உனக்கும் அம்பது ஆகட்டும், கூட்டிட்டுப் போறேன்." ஆசையாகத்தான் சொன்னார். இன்னும் 12 வருஷம் இருக்கிறது.

நவம்பர் 19
பாப்பா என்னிடம், "சாமி, பென்சில் எங்க சாமி?"

நவம்பர் 27
வீட்டுக்குத் தூரம் ஆகிவிட்டேன். திருமங்கலத்தில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் சமையலுக்கு மேலூரிலிருந்து அத்தை வந்திருக்கிறார். அக்கா அயிரை மீன் வாங்கி, உயிரோடு பால் கலந்த தண்ணீரில் விட்டு வைத்திருந்தாள். மண்ணைக் கக்கக் கக்கத் தண்ணீர் கலங்கியது. குழம்பை இரண்டு தரம் ஊற்றிச் சாப்பிட்டேன்.
2018 செப்டம்பரில் எல்லா வயதுப் பெண்களும் மலைக்குப் போகலாம் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த அன்று, டி.வி. முன்னால் அவருக்கும் எனக்கும் பெரிய சண்டை. நான் போக வேண்டும் என்று கேட்கவேயில்லை. "போறவளைப் போக விட்டா உங்களுக்கென்ன?" என்றேன், அவ்வளவுதான். கத்தித் தீர்த்தார். நானும் விடவில்லை. நல்ல சண்டை அது.

டிசம்பர் 8
சீட்டு எடுத்த பணத்தில் பாதி அன்னதானத்துக்குப் போயிருக்கிறது.
"ஸ்கூல் ஃபீஸுக்கு என்ன செய்றது?"
"ஐயப்பன் பாத்துக்குவார் சாமி."
வேண்டுமென்றே குரலை உயர்த்தினேன். அவர் அம்மாவை இழுத்தேன், குருசாமியை இழுத்தேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பாயை விரித்துப் படுத்துவிட்டார். முன்பெல்லாம் இந்நேரம் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு பைபாஸ் ரோட்டுக்குப் போயிருப்பார். ஒரு மணி நேரத்தில் ஜிகர்தண்டா பார்சலோடு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் டம்ளரைத் தேடுவார். இப்போது கும்பிடுகிறவரிடம் நான் என்ன பேசுவது?
நான் சாமி இல்லை என்கிறவளா? மீனாட்சியைப் பார்க்காமல் எனக்கு எந்த ஆடி வெள்ளி போயிருக்கிறது?

டிசம்பர் 13
தீபம். வாசலில் ஏற்ற ஏற்ற மழை அணைக்கிறது.

டிசம்பர் 21
இருமுடி கட்டு. தேங்காய்க்குள் நெய்யை ஊற்றி, கண்ணைத் தக்கையால் அடைத்தார்கள். பாப்பாவுக்குச் சின்னத் தேங்காய். நெய் வழிந்து அவள் முழங்கை வரைக்கும் போனது. என்னையும் பிடி அரிசி போடச் சொன்னார்கள். போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாதாம். சொல்லவில்லை.

டிசம்பர் 24
வந்துவிட்டார்கள். பாப்பா மாலையைக் கழற்றிய கையோடு ஆம்லெட் கேட்டாள். அவர் கழற்றவில்லை. மகரஜோதி வரைக்குமாம்.

ஜனவரி 16
டி.வி.யில் அலங்காநல்லூர். ஜோதி முடிந்தது, கறுப்பு வேட்டி போய்ப் பச்சை வேட்டி வந்திருக்கிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறாராம். பாயைச் சுருட்டிப் பரணில் போட்டிருந்தேன். ராத்திரி அவரே ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 11
தெப்பம். வருஷா வருஷம் மூன்று பேரும் போவோம். திருமலை நாயக்கர் பிறந்த நட்சத்திரமும் பூசம்தான் என்று வருஷா வருஷம் பாப்பாவுக்குச் சொல்வார். இந்தத் தடவை நானே சொன்னேன். "தெரியும்" என்றாள்.
மைய மண்டபத்தைத் தெப்பம் சுற்றும்போது பழனியிலிருந்து போன். குளத்துக் கைப்பிடிச் சுவர் பக்கம் நிற்கிறோம் என்றேன்.
"அறிவிருக்கா ஒனக்கு? அந்தக் கூட்டத்துல பிள்ளைய வச்சிக்கிட்டு அங்கிட்டு எதுக்குடி போன?"
சாமி என்கிற பேச்சே இல்லை. நானும் நன்றாகத் திருப்பிக் கொடுத்தேன். பக்கத்திலிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

பிப்ரவரி 13
காலெல்லாம் கொப்புளம். உப்புப் போட்டு வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். மாலை இன்னும் கழுத்தில்தான். மகா சிவராத்திரிக்குச் சதுரகிரி என்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருக்கிறார். கோழி எடுக்கச் சொல்லிப் பாப்பா காலையிலிருந்து அடம். கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.