பொறியியல் கலந்தாய்வு: விருப்பப் பட்டியலைப் பதற்றமின்றித் தயாரித்த அனுபவம்

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வெளியானதிலிருந்து, உசிலம்பட்டியில் என் அக்கா வீட்டுக்கு வந்துபோன உறவினர் ஒவ்வொருவரும் அக்கா மகளுக்கு ஒரு படிப்பைச் சிபாரிசு செய்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலும் அது கம்ப்யூட்டர் சயின்ஸ்தான். தாய்மாமன் என்ற முறையில் கலந்தாய்வு வேலை என்னிடம் வந்தது.

பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப், அதாவது தரவரிசைக்கான மதிப்பெண், 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணித மதிப்பெண் அப்படியே எடுத்துக்கொள்ளப்படும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகக் குறைக்கப்படும். அவளுடைய 88, 84, 90 ஆகியவை இப்படி 175 ஆயின. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, அரசு உதவிபெறும் பள்ளியில் படித்த அவளுக்குக் கிடையாது. இதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொண்டது நல்லது; இல்லாத சலுகையை நம்பிக் கணக்குப் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

முந்தைய ஆண்டுகளில் எந்த மதிப்பெண் வரை எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்ற கட்-ஆஃப் பட்டியலை, இட ஒதுக்கீட்டுப் பிரிவுவாரியாகப் பார்த்தோம். வினாத்தாள் எளிதாக அமைந்த ஆண்டில் எல்லோருடைய மதிப்பெண்ணும் உயர்ந்துவிடும் என்பதால், தரவரிசைப் பட்டியல் வெளியான பிறகு, மதிப்பெண்ணை விட்டுவிட்டு, எந்தத் தரவரிசை எண் வரை ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது என்று பார்ப்பதே கூடுதல் நம்பகமாக இருந்தது.

உண்மையான குழப்பம், சேர விரும்பும் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் எழுதும் விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்துவதில்தான் வந்தது. “கிடைக்கிறத மேல போடுங்க சார், பெரிய காலேஜ மேல போட்டா உள்ளதும் போயிரும்” என்று பிரவுசிங் சென்டர்காரர் ஒருவர் சொன்னார். இது முற்றிலும் தவறான கருத்து. கணினி, தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவரவர் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியிடம் இருக்கும் முதல் விருப்பத்தை ஒதுக்குகிறது. மேலே உள்ளது கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போகுமே தவிர, எட்டாத ஒன்றை முதலில் எழுதியதற்காக எதையும் பறித்துக்கொள்வதில்லை. ஆனால் எளிதில் கிடைப்பதை முதலில் எழுதிவிட்டால், அதற்குக் கீழே உள்ள நல்ல இடம் காலியாக இருந்தாலும் நமக்கு வராது. இது புரிந்ததும், எது கிடைக்கும் என்று ஊகிக்கும் கவலை பாதி குறைந்து, எது வேண்டும் என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது.

அந்தக் கேள்விக்கு ஒரு பழைய நோட்டைக் கிழித்துத் துண்டுச் சீட்டுகள் செய்தோம். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு கல்லூரியும் ஒரு பாடப்பிரிவும் சேர்த்து எழுதி, இரண்டிரண்டாக அவள்முன் வைத்து, “இரண்டும் கிடைத்தால் எதில் சேருவாய்?” என்று மட்டும் கேட்டேன். திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் மின்னியல் சீட்டு முதலிலேயே மேலே போயிற்று. காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுக் கல்லூரி அதற்கடுத்தது. பிறகு ஒரு தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸையும் போடி அரசுப் பொறியியல் கல்லூரியின் மின்னியலையும் அருகருகே வைத்தபோது, அக்கா எதுவோ சொல்ல வாயெடுத்தார். அவள் தயங்காமல் போடியை மேலே நகர்த்திவிட்டு, “மாமா, மத்தது கிடைச்சாலும் நான் போகமாட்டேன், அந்தச் சீட்டே வேண்டாம்” என்றாள். அவள் அப்பா, விவசாய மோட்டார்களுக்குக் காயில் (கம்பிச்சுருள்) கட்டும் கடை வைத்திருக்கிறார். விடுமுறை நாட்களில் அங்கே உட்கார்ந்து செம்புக் கம்பியின் சுற்றுகளை எண்ணிக்கொடுப்பவள் அவள். கட்டணமும் அரசுக் கல்லூரியில் மிகக் குறைவு என்பதால் எனக்கு மறுப்பேதும் இல்லை. போகவே போவதில்லை என்ற சீட்டுகளைக் கிழித்தே போட்டோம்; விருப்பமில்லாத ஒன்றைப் பட்டியலில் வைத்தால் அதுவே ஒதுக்கப்படவும் கூடும்.

தூரத்தையும் அப்போதே பேசிவிட்டோம். மதுரையிலிருந்து உசிலம்பட்டி வழியாகப் போடி வரை 2023 முதல் ரயில் ஓடுகிறது என்றாலும், அதை நம்பித் தினமும் போய்வருவதாகத் திட்டமிடாமல், விடுதிச் செலவையும் சேர்த்தே கணக்கிட்டோம். பட்டியலை அவளே பதிவேற்றி, கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்காமல், ஒருமுறை கல்லூரி எண்களைச் சரிபார்த்த பின்பே உறுதிசெய்தாள்.

தற்காலிக ஒதுக்கீட்டில் போடி மின்னியல் வந்தது. அதை ஏற்றுச் சேர்ந்துவிடலாம், ஏற்றுக்கொண்டு மேல்விருப்பத்துக்குக் காத்திருக்கலாம், மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்று பல தெரிவுகள் உண்டு. முடிவெடுக்கக் கொடுக்கப்படும் அவகாசமோ மிகக் குறைவு. மேலே இருந்தவை உண்மையாகவே அவள் விரும்பியவை என்பதால், ஏற்றுக்கொண்டு காத்திருக்கும் தெரிவைத் தேர்ந்தெடுக்க அதிக நேரம் ஆகவில்லை. இப்படிக் காத்திருப்பவர்கள் ஐந்து நாட்களுக்குள் உதவி மையத்தில் கட்டணம் செலுத்த வேண்டும், தவறினால் கையிலிருக்கும் இடமும் போய்விடும் என்பதால், பணத்தை முன்கூட்டியே தயாராக வைத்திருந்தோம். மேல்விருப்பத்தில் இடம் காலியாகவில்லை. அவள் போடியிலேயே சேர்ந்தாள்.