மாமாவின் வன்தட்டு: எட்டு நாள் குறிப்பு

2023 ஜூன் 10, சனி. கும்பகோணம்.

மாமாவின் கணினி நான்கு நாட்களாகத் திறக்கவில்லை. விண்டோஸ் 10-இன் சுழலும் புள்ளிகள் சில நிமிடங்கள் ஓடுகின்றன. பிறகு தானாகப் பழுதுபார்க்கும் திரை வருகிறது. அதுவும் முடியாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. ஒரு கடையில் காட்டியதற்கு, ஃபார்மட் செய்து புதிதாக விண்டோஸ் போட்டுவிடலாம் என்றார்களாம். நல்ல வேளையாக மாமா சம்மதிக்கவில்லை. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அவர், சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருபது ஆண்டுகளாகச் சேர்த்த தாலாட்டும் ஒப்பாரியும், தட்டச்சுப் பிரதிகளாகவும் ஒலிப்பதிவுகளாகவும், அந்த 500 ஜிபி தட்டில் மட்டுமே இருக்கின்றன. வேறு பிரதி உண்டா என்று கேட்டேன். "அதுதானே மாப்பிள்ளை பிரதி" என்றார்.

இந்த நான்கு நாட்களில் எத்தனை முறை போட்டுப் பார்த்தீர்கள் என்று கேட்டபோது, ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை இருக்கும் என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மின் இணைப்பைப் பிடுங்கி, தட்டைக் கழற்றி, ஒரு துண்டில் சுற்றி என் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

2023 ஜூன் 11, ஞாயிறு.

காலையில் முதலில் காதைத்தான் பயன்படுத்தினேன். 'டக், டக்' என்று சீரான இடைவெளியில் ஒலி வந்தால் தட்டைப் படிக்கும் தலை இடம் காண முடியாமல் திணறுகிறது என்று கொள்ளலாம். அப்போது உடனே அணைத்துவிட்டுத் தூசியற்ற அறை வைத்திருக்கும் மீட்பு நிறுவனத்துக்கு அனுப்புவதைத் தவிர வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. இதில் அந்த ஒலி இல்லை. இடையிடையே படிக்கத் தடுமாறும் கரகரப்பு மட்டுமே கேட்டது.

யுஎஸ்பி மாற்றுப்பெட்டி எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்து, என் மேசைக் கணினியின் சாட்டா இணைப்பிலேயே தட்டை நேரடியாகப் பொருத்தி, பென் டிரைவிலிருந்து உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கினேன். தட்டு தன்னைப் பற்றி வைத்திருக்கும் ஸ்மார்ட் கணக்கைப் பார்த்தேன். 5-ஆம் எண் வரிசை, அதாவது பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (தட்டு தகவலை எழுதும் சிறு கட்டங்கள்), 312. 197-ஆம் வரிசை, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை, 488. 199-ஆம் வரிசை, கேபிள் வழியே வரும்போது நேர்ந்த பிழைகள், பூஜ்யம். ஆகவே கேபிளின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க வழியில்லை. இவ்வளவுக்கும் மேலே, ஒட்டுமொத்த நிலை 'தேர்ச்சி' என்று அந்த அறிக்கையின் தலையில் எழுதியிருந்தது! அந்த ஒரு சொல்லை நம்பி எத்தனை பேர் ஏமாந்திருப்பார்களோ தெரியவில்லை.

இங்கேதான் கை துறுதுறுக்கும். விண்டோஸிலேயே இருக்கும் செக்டிஸ்க் ஓட்டினால் சரியாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் அது கோப்பு முறைமையின், அதாவது எந்தக் கோப்பு தட்டில் எங்கே இருக்கிறது என்ற ஏற்பாட்டின், கணக்கை நேர் செய்வதற்காகத் தட்டில் எழுதும் கருவி. செத்துக்கொண்டிருக்கும் தட்டில் எழுதுவது, அடைய முடியாத கோப்புகளின் சுவட்டையே அழித்துவிடக்கூடும். தட்டைக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லும் பழைய வைத்தியமும் உண்டு. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் தலைக்கு, வெளியே எடுத்ததும் உள்ளே படியும் ஈரம் என்ன செய்யும் என்று எண்ணிப் பார்த்தால் போதும். தட்டை விட்டுவிட்டு, அதிலிருந்து முழுப் பிரதி ஒன்றை உருவி, அந்தப் பிரதியில்தான் எல்லா வைத்தியமும் செய்வது என்று உறுதி செய்துகொண்டேன்.

அதற்கான கருவி க்னூ டிடிரெஸ்க்யூ. அந்தோனியோ தியாஸ் தியாஸ் எழுதியது. ஒத்த பெயரில் வேறொரு கருவியும் இருப்பதால் கவனம் தேவை. இதன் அழகு, இது பிடிவாதம் பிடிக்காததில் இருக்கிறது. படிக்க முடியாத இடம் வந்தால் அங்கேயே மோதிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போய், நலமாக உள்ள பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, கெட்ட இடங்களைக் கடைசியில் கவனிக்கிறது. எங்கே படித்தது, எங்கே விட்டது என்பதையெல்லாம் வரைபடக் கோப்பு ஒன்றில் குறித்துக்கொண்டே போகிறது.

பிரதியை வாங்கிக்கொள்ள 1 டிபி வெளித்தட்டு ஒன்று வாங்கினேன். அதை எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு முறைமைக்கு மாற்றினேன், ஏனெனில் ஃபேட்32 என்ற பழைய முறைமையில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக வைக்க முடியாது. கட்டளையில் மூலத்தையும் இலக்கையும் இடம் மாற்றிவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதால், இரண்டு தட்டுகளின் வரிசை எண்களையும் தாளில் எழுதி, மூன்று முறை ஒப்பிட்ட பிறகே நண்பகலில் என்டர் விசையைத் தட்டினேன். வேகம் விநாடிக்கு 95 எம்பி. முக்கால் மணி நேரம் நிம்மதியாகப் போனது. பிறகு திடீரென்று கிலோபைட்டுகளுக்கு இறங்கியது.

மாலை ஆறரைக்கு மின்தடை. யுபிஎஸ் இல்லாமல் தொடங்கியது முழுக்க என் முட்டாள்தனம்.

2023 ஜூன் 12, திங்கள்.

அலுவலக நண்பரிடம் யுபிஎஸ் இரவல் வாங்கி வந்தேன். வரைபடக் கோப்பு பிழைத்திருந்தது. அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்ததும் விட்ட இடத்துக்குச் சற்று முன்பிருந்து ஓடத் தொடங்கியது. வெக்கை தாங்கவில்லை, மேசை விசிறியைத் தட்டின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நான் வியர்த்துக்கொண்டு படுத்தேன்.

2023 ஜூன் 13, செவ்வாய்.

முதல் சுற்று முடிந்தது. 99.71 விழுக்காடு கைக்கு வந்துவிட்டது. கேட்க நன்றாக இருந்தாலும், மிச்சம் ஏறக்குறைய 1.45 ஜிபி. மாமாவின் தட்டச்சுப் பிரதிகள் மொத்தமும் அதில் ஒரு மூலையில் அடங்கிவிடும். கெட்ட பகுதிகளின் ஓரங்களை நறுக்கி, உள்ளே செக்டர் செக்டராகச் சுரண்டும் வேலைக்கு விட்டுவிட்டேன்.

2023 ஜூன் 15, வியாழன்.

சுரண்டல் முடிந்தது, மூன்று மறுமுயற்சிகளும் முடிந்தன. மீளாதவை 3,616 செக்டர்கள், அதாவது 18,51,392 பைட்டுகள். கெட்ட துண்டு ஒவ்வொன்றும் எட்டின் மடங்காகவே இருப்பது கண்ணில் பட்டது. வெளியே 512 பைட் என்று சொல்லிக்கொண்டாலும், இந்தத் தட்டு உள்ளுக்குள் 4096 பைட் செக்டர்களில் எழுதும் வகை. ஒன்று போனால் எட்டும் சேர்ந்தே போகும்.

தட்டின் மின் இணைப்பை எடுத்துவிட்டேன்.

2023 ஜூன் 16, வெள்ளி.

உருவிய முழுப் பிரதியைத் தொடாமல் வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு நகல் எடுத்தேன். அந்த நகலின் சி பார்ட்டிஷன் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. மாமா எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பிலேயே வைப்பவர். டெஸ்க்டாப் இருப்பதோ சி-யில். விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ், எல்லாக் கோப்புகளையும் பட்டியலிடும் தன் தலைமை அட்டவணையின் முதல் நான்கு பதிவுகளுக்குக் கண்ணாடிப் பிரதி ஒன்றை வேறிடத்தில் வைத்திருக்கும். டெஸ்ட்டிஸ்க் கருவி இரண்டையும் ஒப்பிட்டு, கெட்டதை நல்லதிலிருந்து சரி செய்தது. கோப்புறைகள், தமிழ்ப் பெயர்களுடன், வரிசையாக வந்து நின்றன.

எந்தக் கோப்புக்குள் ஓட்டை என்பது அடுத்த கேள்வி. இன்னொரு நகலில், படிக்க முடியாத செக்டர்களை மட்டும் ஓர் அடையாளச் சொல்லால் நிரப்பச் செய்தேன். டிடிரெஸ்க்யூவிலேயே அதற்கு வழி உண்டு. பிறகு அந்தச் சொல் எந்தெந்தக் கோப்புகளில் இருக்கிறது என்று தேடினேன். 41 கோப்புகள். அவற்றில் 39 விண்டோஸைச் சேர்ந்தவை. அந்த 39-இல் ஒன்று, கணினி எழும்போதே படித்தாக வேண்டிய ரெஜிஸ்ட்ரி கோப்பு, அதாவது விண்டோஸின் அமைப்பு விவரங்கள் இருக்கும் கோப்பு. நான்கு நாட்கள் அது ஏன் எழவில்லை என்பதற்கு இதுதான் விடை.

மாமாவுடையவை இரண்டு. ஒன்று, பழைய வேர்டு கோப்பு, திறக்க மறுத்தது. அதை அவர் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார். பாமினி உண்மையில் ரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைக்கும் ஏற்பாடு. அதனாலேயே யூனிக்கோடு காலத்தில் அதை நானே பலமுறை திட்டியிருக்கிறேன். இன்று அது கைகொடுத்தது. சிதைந்த கோப்பிலிருந்து வெறும் ரோமன் எழுத்து வரிகளை உருவி, மாற்றியில் போட்டதும், நாற்பது பாடல்களில் இரண்டு தவிர மற்றவை தமிழாக வந்துவிட்டன.

2023 ஜூன் 17, சனி.

எல்லாவற்றையும் இரண்டு தட்டுகளில் ஏற்றி மாமா வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். காணாமல் போன இரண்டு பாடல்களும் கையெழுத்து நோட்டில் இருக்கக்கூடும் என்று பரணைக் காட்டினார்.

இரண்டாவது கோப்பு, பாபநாசம் பக்கத்துப் பாட்டி ஒருவர் பாடிய தாலாட்டின் ஒலிப்பதிவு. அதில் 4096 பைட் ஓட்டை ஒன்றே ஒன்று. விநாடிக்கு 128 கிலோபிட் பதிவில் அது ஏறக்குறைய கால் விநாடி. நான் இரண்டு முறை கேட்டும் எந்த இடம் என்று பிடிபடவில்லை. மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்றாம் நிமிடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"இங்கேதான் மாப்பிள்ளை, ஆராரோவில் ஒரு 'ரா' குறைகிறது."