காலில் நூல் இறுகிய புறாவைப் பிடித்துச் சிகிச்சைக்குக் கொண்டுசென்ற அனுபவம்

எங்கள் வீட்டின் பின்புறத்துக்குத் தானியம் கொத்த வரும் புள்ளிப்புறாக்களுள் ஒன்று வலக்காலை ஊன்றாமல் நிற்பதைக் கவனித்தது முதல், அந்தக் காலில் இறுகியிருந்த நூல் அகற்றப்பட்டு அது மீண்டும் பறந்து சென்றது வரை நாங்கள் செய்தவற்றையும், வேண்டுமென்றே செய்யாமல் தவிர்த்தவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். அடிபட்டுத் தரையில் கிடக்கும் பறவையை எடுத்துக் காப்பாற்றுவது பற்றிப் படிக்க நிறையவே கிடைக்கிறது. காயத்துடன் பறந்துகொண்டும், நாள்தோறும் வந்து இரை எடுத்துக்கொண்டும், ஆனால் நம் கைக்கு எட்டாமலும் இருக்கும் பறவைக்கு எப்படி உதவுவது என்பதைச் சொல்பவர்கள் குறைவு என்பதால் இது யாருக்கேனும் பயன்படக்கூடும்.

பறவைகள் தங்கள் பலவீனத்தை வெளியே காட்டிக்கொள்வதில்லை. தளர்ந்திருப்பதாகத் தெரிந்தால் வேட்டையாடும் விலங்குகளின் பார்வை முதலில் தன்மீதுதான் விழும் என்பதால், இயன்றவரை நலமாக இருப்பதுபோலவே நடமாடும். ஆகவே ஒரு பறவை நொண்டுவது நம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், அதன் தொல்லை ஏற்கெனவே முற்றியிருக்க வாய்ப்புண்டு. இந்தப் புறா இரை எடுக்கும்போது இடக்காலால் தத்திச் சென்றது. மற்ற நேரங்களில் வலக்காலை வயிற்று இறகுகளுக்குள் இழுத்து வைத்துக்கொண்டு ஓய்வெடுப்பதுபோல நின்றது. நலமான பறவைகளும் ஒற்றைக்காலில் நின்று ஓய்வெடுக்கும் என்பதால் முதலில் சந்தேகமே எழவில்லை. சன்னலுக்குப் பின்னால் நின்று, கேமராவில் உருப்பெருக்கி எடுத்த படங்களைப் பார்த்த பிறகுதான், முன்விரல்களில் இரண்டைச் சேர்த்து ஏதோ ஒன்று சுற்றியிருப்பதும், அதற்குக் கீழே நடுவிரல் வீங்கிக் கருமை ஏறியிருப்பதும் புலப்பட்டன.

அதைப் பிடிக்கலாமா, கூடாதா என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் கடினமானது. காட்டுப் பறவைக்கு மனிதன் ஒரு வேட்டை விலங்கு. பிடிபடும் அதிர்ச்சியே ஏற்கெனவே நலிந்திருக்கும் பறவையின் உயிரைப் போக்கிவிடக்கூடும். பிடிக்க முயன்று தோற்றால், அது அந்த இடத்துக்கே வராமல் போகலாம். பிறகு உதவும் வாய்ப்பே இருக்காது. காலில் சுளுக்கோ சிறு கீறலோ இருந்து, நன்றாகப் பறந்து, வயிறு நிறைய இரையும் எடுத்தால், அதை அதன் போக்கில் விட்டுவிடுவதே நல்லது. ஒரு காலை இழந்த பின்னும் நெடுங்காலம் வாழும் புறாக்கள் உண்டு. இதற்கு நேர்மாறானது பூனை கவ்விய பறவை: வெளியே ஒரு துளி இரத்தம்கூடத் தெரியாவிட்டாலும், பூனையின் எச்சிலில் உள்ள நுண்ணுயிரிகள் மிக விரைவில் உடலெங்கும் பரவிவிடும் என்பதால், அதை அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். நூல் சுற்றிய கால் இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. ஒரே நாளில் உயிரைப் பறிக்காது. ஆனால் தானாகவும் ஆறாது. பறவை நடக்க நடக்க நூல் மேலும் இறுகும், இரத்த ஓட்டம் தடைபடும், வீக்கம் நூலை இன்னும் ஆழமாகப் புதைக்கும், கடைசியில் விரலோ பாதமோ செத்து உதிரும். காத்திருப்பதால் நிலைமை மோசமாகவே ஆகும் என்பது உறுதியானதால் பிடிப்பதென்று முடிவெடுத்தோம்.

அந்த முடிவுக்குப் பின்னும் ஒரு தயக்கம் மிஞ்சியிருந்தது. புறாக்களில் ஆணும் பெண்ணும் முறைவைத்து அடைகாக்கும். குஞ்சு பொரித்த முதல் நாட்களில் இரண்டுமே தம் தொண்டைப்பையில் சுரக்கும் பாலைத்தான் ஊட்டும். பெற்றோரில் ஒன்றை நாம் எடுத்து வைத்துக்கொண்டால், கூட்டில் இருப்பவை பட்டினி கிடக்க நேரலாம். எனவே அது சுள்ளி பொறுக்கிக்கொண்டு போகிறதா, இரை எடுத்ததும் ஒரே திசையில் விரைகிறதா என்று கவனித்தோம். அப்படி எதுவும் தென்படவில்லை. கூடு இருந்திருந்தால், சிகிச்சை முடிந்த உடனேயே திருப்பி விட முடியுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டிருப்போம்.

பிடிப்பதற்கு முன்பே, பிடித்த பறவையை யாரிடம் கொண்டுசெல்வது என்பதை உறுதி செய்துகொண்டோம். இந்த வரிசை மாறக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பறவையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் இடமாகத் தொலைபேசியில் அழைப்பது அதற்குப் பெரும் துன்பம். நாய், பூனைகளை மட்டுமே பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் பலர் உண்டு என்பதால், பறவைகளுக்குச் சிகிச்சை அளிப்பீர்களா என்று வெளிப்படையாகக் கேட்பது அவசியம். பல நாடுகளில் காட்டுப் பறவையை உரிமம் இன்றி வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். நாங்கள் அழைத்த வனவிலங்கு மீட்பு மையத்தில் இருந்தவர், பறவை பறக்கிறதா, இரத்தம் வடிகிறதா, இரு இறக்கைகளும் ஒரே உயரத்தில் படிந்துள்ளனவா, அக்கம்பக்கத்தில் வேறு பறவைகள் இறந்து கிடந்தனவா என்று கேட்டார். கடைசிக் கேள்வி பறவைக் காய்ச்சலை மனத்தில் வைத்துக் கேட்டது. பல பறவைகள் ஒரே சமயத்தில் இறந்து கிடந்தால் எதையும் தொடாமல் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றார். படங்களைப் பார்த்ததும் கொண்டுவரச் சொன்னார்.

பூனைகளை எடுத்துச் செல்லும் பெட்டிக்கூண்டு ஒன்றின் கதவைத் திறந்த நிலையில் கட்டி, வழக்கமாகத் தானியம் தூவும் இடத்துக்கு அருகே வைத்தோம். முதலில் கூண்டுக்கு வெளியே, பிறகு வாசலில், பிறகு உள்ளே என்று தானியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தினோம். மற்ற புறாக்கள் உள்ளே போய்த் தின்றுவிட்டுத் திரும்புவதைப் பார்த்துப் பார்த்து அதற்கும் பயம் தெளிந்தது. கூடையைக் கவிழ்த்துக் குச்சியால் முட்டுக்கொடுக்கும் முறையையும் சிலர் கூறினார்கள். விளிம்பு விழுந்து கழுத்தோ இறக்கையோ நசுங்கக்கூடும் என்பதால் அதை ஏற்கவில்லை. துரத்திப் பிடிப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பசியோடு வரும் காலை நேரத்தையும், மருத்துவர் இருக்கும் நாளையும் தேர்ந்தெடுத்து, வீட்டுக்குள்ளிருந்தபடியே கயிற்றை விட்டுக் கதவை மூடினோம். உடனே கூண்டின் மேல் அடர்த்தியான துணியைப் போர்த்தினோம். இருட்டானதும் படபடப்பு அடங்கிவிட்டது.

கையால் தொட வேண்டிய தேவை வந்தால் எப்படிப் பிடிப்பது என்பதையும் கேட்டு வைத்திருந்தோம். பறவைகளுக்கு நமக்கு இருப்பதுபோல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சே வாங்க முடியும். மார்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால் மூச்சடைத்து இறந்துவிடும். ஒரு துணியை மேலே போட்டு, இறக்கைகள் உடலோடு படிந்திருக்கும்படி இரு கைகளாலும் பக்கவாட்டில் தளர்வாக ஏந்த வேண்டும். புறாக்கள் பயந்தால் கொத்துக் கொத்தாக இறகுகளை உதிர்த்துவிடும் என்பதால், பிடி அழுத்தமின்றி இருப்பது கூடுதல் முக்கியம். வாய்க்குள் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடிப்பகுதியிலேயே திறந்திருக்கிறது. நல்லெண்ணத்தோடு ஊற்றும் சில துளிகள் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். கூண்டின் தரையில் நகம் மாட்டிக்கொள்ளாத, இழைப் பிசிறற்ற துணியை விரித்து, பேச்சும் பாட்டும் இல்லாத வண்டியில் கொண்டுசென்றோம்.

மருத்துவர் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, மனிதத் தலைமுடியும் செயற்கை இழை நூலும் பின்னிப் பிணைந்து தோலுக்குள் புதைந்திருந்தது தெரிந்தது. நாமே கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்: சிறு பறவையின் உடலில் உள்ள மொத்த இரத்தம் அதன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான்; 150 கிராம் எடையுள்ள புறாவுக்கு அது 15 மில்லிலிட்டர் அளவே. தவறாக வெட்டப்பட்ட ஒரு நாளமும் ஆபத்தாகிவிடும். அவர் வெதுவெதுப்பான உப்புநீரால் ஊறவைத்து, நுண்ணிய கத்தரியால் ஒவ்வொரு சுற்றாக அறுத்து எடுத்தார். ஓர் இழை உள்ளே தங்கினாலும் அது மறுபடியும் இறுக்கும் என்பதால் நெடுநேரம் தேடினார். கறுத்த நடுவிரலின் நுனியை வெட்டவில்லை. உயிருள்ள பகுதிக்கும் இறந்த பகுதிக்கும் இடையே எல்லை தெளிவாக உருவாகி, அது காய்ந்து தானே உதிர்வது நல்லது என்றார். நோய்த்தொற்றுத் தடுப்பு மருந்தும், பறவைகளுக்கு ஏற்ற வலிநிவாரணியும் எடைக்குக் கணக்கிட்டுக் கொடுக்கப்பட்டன. நம் வீட்டு மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் யோசனை யாருக்கும் வரக்கூடாது: மாடுகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்துதான், அவற்றின் சடலங்களைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்து, தெற்காசியாவில் 1990களில் தொடங்கி அந்த இனங்களையே அழிவின் விளிம்புக்குத் தள்ளியது.

மருந்து முடியும் வரை புறா மீட்பு மையத்திலேயே இருந்தது. வீட்டில் வைத்திருக்க எங்களுக்கு ஆசை இருந்தாலும், மனிதர் நடமாட்டமில்லாத அறையும், இறகுகள் சிதையாதபடி வலைத்துணி கட்டிய கூண்டும் அங்கேதான் இருந்தன. அது இல்லாத நாட்களில் பின்புறத்தைத் துப்புரவாக்கி, முடி, நூல், பட்டக்கயிற்றுத் துண்டு எதுவும் கிடக்காமல் பொறுக்கினோம். தண்ணீர்ப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி உலர்த்தினோம். புறாக்களின் தொண்டையில் புண் உண்டாக்கும் ஒருவகை ஒட்டுண்ணி, பலவும் சேர்ந்து குடிக்கும் நீரின் வழியாகவே எளிதில் பரவுகிறது. எச்சத்தைச் சுத்தம் செய்யும்போது முகக்கவசம் அணிந்து, தரையை நனைத்த பின்னரே துடைத்தோம். காய்ந்த எச்சத்தின் தூசியால் மனிதருக்கும் நுரையீரல் நோய் வரக்கூடும்.

மழையில்லாத ஒரு காலையில், பிடித்த அதே இடத்துக்குக் கொண்டுவந்து கூண்டைத் திறந்தோம். பழகிய இரையும் நீரும் இணையும் இருக்கும் இடத்தில் விட வேண்டும் என்பதும், இருட்டுவதற்குள் அடைய இடம் தேட நேரம் இருக்க வேண்டும் என்பதும் மையத்தினரின் அறிவுரை. அது நேரே மதில்மேல் ஏறி, அங்கிருந்து மரத்துக்குப் போயிற்று. சில காலம் கழித்து எடுத்த படங்களில், மருத்துவர் சொன்னபடியே நடுவிரலின் நுனி உதிர்ந்து, அந்த இடத்தில் தோல் மூடியிருந்தது. இப்போது வலக்காலை முழுமையாக ஊன்றி நடக்கிறது. கிளையில் அமரும்போது மட்டும், எஞ்சிய விரல்களைச் சரிசெய்துகொள்ள ஒரு கணம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது.