பங்குனி வறட்சியில் மாட்டுக்கு என்ன போடுவது?

மார்கழியோடு மழை நின்றால், காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலங்களில்) மாசிக்குள்ளேயே கொழுக்கட்டைப்புல் சருகாகிவிடும். அதற்கு மேலும் மேயவிட்டால் தூரே போய்விடும். அடுத்த மழைக்குத் தழையாது. மாட்டைக் கட்டுத்தறியில் நிறுத்துவதே மேல். கோடையில் உதிரும் வெள்வேல மரத்தின் நெற்று ஓரளவு கைகொடுக்கும்.

பெரிய ஆபத்து சோளத்தில்தான். வாடிய இளம்பயிரிலும், அறுத்த தாளில் திடீர் மழைக்குத் துளிர்க்கும் மறுதாம்பிலும் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும். பசியோடு மேய்ந்த மாடு சில நிமிடங்களிலேயே மூச்சுத் திணறிச் சாயலாம். பூத்த பிறகு அறுத்து, வெயிலில் நன்றாக உலர்த்திப் போடுங்கள்.

வைக்கோல் மட்டுமே மிச்சமா? 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவையுங்கள். கரையாத கட்டி ஒன்றே மாட்டைக் கொல்லும், அவசரம் வேண்டாம். எடுத்ததும் ஆறவிட்டுப் போடுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்குக் கூடாது.