சத்தம் கேட்டது, சொல்தான் புரியவில்லை: என் காது பரிசோதனை அனுபவம்

ஒரு வருடமாகவே மகள் ஏதாவது சொன்னால் "என்னம்மா?" என்று இன்னொரு தடவை கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. குரல் காதில் விழும், ஆனால் பத்து என்றாளா பட்டு என்றாளா என்று பிடிபடாது. "அப்பா, நான் கத்திக்கிட்டே இருக்கேன், உங்களுக்குப் புரியலையே" என்று அவள் ஒருநாள் கண்கலங்கிய பிறகுதான் இ.என்.டி. மருத்துவரிடம் போனேன். காதில் அடைப்பு இல்லை, செவிப்பறையும் நன்றாக இருக்கிறது, ஆடியோகிராம் (எந்தச் சத்தம் எவ்வளவு மெலிதாக இருந்தாலும் கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுத்து வாருங்கள் என்றார்.

வெளிச்சத்தம் புகாத சின்ன அறை. ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, எவ்வளவு மெலிதாகக் கேட்டாலும் அழுத்துங்கள் என்றார்கள். நடுவில் நெடுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை, இயந்திரம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். அந்த நேரமெல்லாம் சத்தம் வந்துகொண்டுதான் இருந்ததாம்.

அப்புறம் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் ஒரு அதிர்வுக் கருவியை வைத்தார்கள். எனக்கு எல்லாம் விளங்கியது இந்த இடத்தில்தான். வழக்கமாக ஒலி செவிப்பறையை அதிரவைத்து, சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று குட்டி எலும்புகள் வழியாக உட்செவிக்குள் இருக்கும் திரவத்தைத் தள்ளுகிறது. அங்கவடி வெறும் 3 மில்லிமீட்டர்தான், உடம்பிலேயே சின்ன எலும்பு. மண்டையோட்டு எலும்பை அதிரவைத்தால் இந்த வழியைத் தாண்டி ஒலி நேராக உட்செவிக்கே போய்விடும். எலும்பு வழியாக நன்றாகக் கேட்டு, காற்று வழியாகக் கேட்கவில்லை என்றால் கோளாறு வெளியிலோ நடுச்செவியிலோ இருக்கிறது. என் வரைபடத்தில் காற்று வழி, எலும்பு வழி என்ற இரண்டு கோடுகளும் ஒட்டியே கீழே இறங்கின. கோளாறு உள்ளே.

கோடு கீச்சொலிப் பக்கத்தில், 4000 ஹெர்ட்ஸ் என்ற அதிர்வெண்ணில் பள்ளமாக விழுந்து 8000-இல் கொஞ்சம் ஏறியிருந்தது. அந்தப் பள்ளத்தை வைத்தே, நான் சொல்லாமலே, "இரைச்சலான இடத்தில் வேலை பார்த்தீர்களா?" என்று பரிசோதனை செய்த ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறன் நிபுணர்) கேட்டார். ஆமாம், பல வருடம் இயந்திரங்களுக்கு நடுவில், காதில் எதையும் அடைத்துக்கொள்ளாமல். உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியா என்ற உறுப்பில் வாசல் பக்கம் கீச்சொலிக்கு, உச்சி தாழ்ந்த ஒலிக்கு. அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றும் மயிர்ச்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன, மனிதர்களுக்கு அவை செத்தால் திரும்ப முளைப்பதில்லை.

சொற்களைப் பிரித்துக் காட்டும் ச, த, ட போன்ற மெய்யொலிகளில் முக்கியமான பகுதி உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது, உயிரொலிகளின் பலமெல்லாம் கீழே. பாவம், மகள் கத்தியபோது எனக்கு ஏற்கனவே கேட்டுக்கொண்டிருந்த உயிரொலிதான் இன்னும் பெரிதானது.

இப்போது என் கோட்டுக்கு ஏற்றபடி உயர்ந்த அதிர்வெண் ஒலிகளை மட்டும் தூக்கிக் கொடுக்கும் காதுக்கருவி போட்டிருக்கிறேன். முதல் வாரம் காகிதம் கசங்கினாலே எரிச்சலாக இருந்தது, தினமும் நேரத்தைக் கூட்டிக்கூட்டிப் பழகினேன்.

ஒன்று சொல்ல வேண்டும்: எனக்கு மெல்ல மெல்லக் குறைந்தது. உங்களுக்கு ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளில் மந்தமானால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

மகள் இப்போது கத்துவதில்லை. என் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் நிதானமாகப் பேசுகிறாள்.