ரூகர் மார்க் 4இல் ரெட் டாட்: தாழ்வான மவுண்ட் பொருத்திய அனுபவம்

வெள்ளெழுத்து வந்துவிட்டால் கைத்துப்பாக்கி சுடுபவருக்கு முதலில் மங்குவது முன்குறி. இரும்புக் குறிகளைக் கொண்டு சுடும்போது மூன்று பொருள்கள் மூன்று தூரத்தில் நிற்கின்றன: பின்குறியின் வெட்டு, கை நீளத்தில் முன்குறியின் முனை, 25 மீட்டருக்கு அப்பால் இலக்கின் கறுப்பு வட்டம். கண் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகக் காட்டும். எந்தப் பயிற்சியாளரைக் கேட்டாலும் முன்குறியைப் பார், இலக்கு மங்கட்டும் என்றுதான் சொல்வார். சிங்கப்பூரில் தேசிய சேவைக் காலத்தில் எம்16எஸ்1 துப்பாக்கியைக் கையில் கொடுத்தபோது எனக்குச் சொல்லித்தரப்பட்டதும் அதுதான்.

தேக்காவில் உள்ள என் கண்ணாடிக் கடைக்காரர், தூரப்பார்வைக்கான அளவோடு கூடுதலாக 0.75 சேர்த்து வலக்கண்ணுக்குத் தனிக் கண்ணாடி ஒன்று செய்து கொடுத்தார். முன்குறி மீண்டும் கூர்மையானது. ஆனால் கறுப்பு வட்டம் சாம்பல் நிறப் பஞ்சாகிவிட்டது. அனைத்துலகப் போட்டி விதிகளின்படி சுட வேண்டியவர்களுக்கு இதைவிட்டால் வழியில்லை. அங்கே கைத்துப்பாக்கிப் போட்டிகளில் திறந்த குறிகளுக்கு மட்டுமே அனுமதி. 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் டியோ ஷுன் ஷியே 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் நமக்குத் தங்கம் வாங்கித் தந்ததும் அப்படிப்பட்ட இரும்புக் குறிகளைக் கொண்டுதான். நான் துப்பாக்கி சுடும் மன்றத்தின் மூத்தோர் பிரிவில் சுடுகிறவன். அங்கே ரெட் டாட் கருவிக்கு, அதாவது தன் சிறு கண்ணாடியில் ஒரு சிவப்பு ஒளிப்புள்ளியைக் காட்டும் குறிக்கருவிக்கு, தடையில்லை. புள்ளியும் இலக்கும் ஒரே தளத்தில் இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரிவதால், கண் இலக்கிலேயே நிலைத்திருக்கலாம். வெள்ளெழுத்துக்காரருக்கு இதைவிட நல்ல துணை இல்லை.

கருவி எதுவானாலும் அதை எவ்வளவு உயரத்தில் பொருத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மன்றத்துக்குச் சொந்தமான துப்பாக்கி ஒன்றில், வளையங்களில் ஏற்றிய குழாய் வகைக் கருவியைச் சுட்டுப் பார்த்தபோது இது எனக்கு உறைத்தது. பல ஆண்டுகளாக இரும்புக் குறிகளோடு பழகிய கை, கண்ணை மூடிக்கொண்டு உயர்த்தினாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். அந்த இடத்தில் கண்ணுக்கு நேரே இருப்பது குறிகள். குழாயோ அவற்றுக்கு மேலே எங்கோ இருக்கிறது. ஒன்று தலையை நிமிர்த்த வேண்டும், அல்லது கையைத் தாழ்த்த வேண்டும். தாழ்த்தும்போது மணிக்கட்டு சற்று வளைந்தாலும் புள்ளி கண்ணாடியைவிட்டே காணாமல் போய்விடுகிறது. அதைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் மூச்சும் போய்விடுகிறது, விசையின் மேல் விரல் கொண்டிருந்த நிதானமும் போய்விடுகிறது. உயரமான மவுண்ட் (கருவியைத் துப்பாக்கியில் தாங்கும் அடிப்பகுதி) வாங்கிவிட்டுப் பழகிக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஏற்கமாட்டேன். கை கற்ற பாடத்தை வீணாக்காத கருவிதான் எனக்கு வேண்டும்.

வாங்குவதற்கு முன்னால் அனுமதி. சிங்கப்பூரில் இதைத் தலைகீழாகச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டம் எவ்வளவு கடுமையானது என்பது இங்கே வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துப்பாக்கிகள், வெடிபொருள்கள், ஆயுதங்கள் கட்டுப்பாட்டுச் சட்டமும் இருக்கிறது. என் துப்பாக்கி உரிமத்தோடு மன்றத்தின் ஆயுதக் கிடங்கில் பூட்டியிருக்கிறது. அது வீட்டுக்கு வருவதில்லை. ஆகவே கருவியின் பெயர், அதைத் தாங்கும் தட்டின் படம், அது துப்பாக்கியில் எங்கே உட்காரும், துளையிடுவதோ அறுப்பதோ உண்டா இல்லையா என்பதையெல்லாம் ஒரே தாளில் எழுதி மன்றச் செயலாளரிடம் கொடுத்தேன். எழுத்தில் பதில் வந்தபிறகே பணம் கட்டினேன். இணையத்தில் வெளிநாட்டுக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பொத்தானை அமுக்கிவிட்டு, பொட்டலம் சுங்கச் சோதனையில் நின்றபின் விளக்கம் சொல்லலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கேட்டால் சொல்லித்தருகிறார்கள். கேட்பதற்குச் செலவும் இல்லை.

துளையிட வேண்டியதில்லை என்று துணிந்து எழுத முடிந்ததற்குக் காரணம் துப்பாக்கியின் அமைப்பு. என்னிடம் இருப்பது .22 தோட்டாவுக்கான ரூகர் மார்க் 4 டார்கெட். 2016இல் வெளிவந்த வரிசை. பல கைத்துப்பாக்கிகளில் சுடும்போது மேற்பகுதி முழுவதும் பின்னால் ஓடித் திரும்பும்; அதன்மேல் கருவியை வைத்தால் கருவியும் சேர்ந்து ஓடும். ரூகரில் அப்படியில்லை. குழலும் அதற்குப் பின்னால் உள்ள உருளை உடலும் ஒன்றாக இறுகிய ஒரே உறுப்பு. உள்ளே போல்ட் என்ற, தோட்டாவை அறைக்குள் தள்ளும் உலோக உறுப்பு மட்டும் போய் வருகிறது. உடலின் மேல் மவுண்டுக்கான திருகுத் துளைகளைத் தொழிற்சாலையிலேயே போட்டு, சிறு திருகுகளால் அடைத்து அனுப்புகிறார்கள். ஆகவே கருவி அசையாத இடத்தில் உட்காருகிறது, குறியும் நிலையாக இருக்கிறது.

உயரத்தைக் குறைக்க நான் எடுத்த முடிவு ஒன்றுதான்: நடுவில் எதுவும் வேண்டாம். பொதுவாக முதலில் ஒரு பிகாட்டினி தண்டவாளம் (குறுக்கு வெட்டுகள் உள்ள பொருத்துப் பட்டை), அதன்மேல் கருவியைப் பிடிக்கும் அடாப்டர், அதன்மேல் கருவி என்று மாடி மேல் மாடியாக ஏறும். தண்டவாளம் வேண்டாம் என்றால், உடலில் நேராகத் திருகும் மெல்லிய தட்டு ஒன்று போதும். கருவி அதன்மேல் நேராக உட்காரும். இதில் கவனிக்க வேண்டியது துளைகளின் அமைப்பு. சிறிய ரெட் டாட் கருவிகளில் சில டாக்டர் என்ற ஜெர்மன் கருவியின் அடித்தளத்தைப் பின்பற்றுகின்றன, சில டிரிஜிகான் நிறுவனத்தின் ஆர்எம்ஆர் கருவியின் அமைப்பை. ஒன்றுக்கான தட்டு மற்றதற்கு உட்காராது. தட்டையும் கருவியையும் ஒன்றாக வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மின்கலம் எங்கிருந்து மாற்றுவது என்பதையும் அப்போதே பாருங்கள். அடியில் மின்கலம் உள்ள கருவியை மாற்றும்போதெல்லாம் கழற்ற வேண்டும், கழற்றினால் குறியை மறுபடி சரிபார்க்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து சிஆர்2032 செருகும் வகையை எடுத்தேன். எடை 40 கிராமுக்கும் குறைவு. பழைய பின்குறியையும் கழற்றவில்லை. தட்டு அதன் வெட்டைவிடத் தாழ்ந்திருப்பதால், கருவியை எடுத்துவிட்டால் இரும்புக் குறிகள் பழையபடி தெரியும்.

பொருத்தும் வேலை ஆயுதக் கிடங்கின் மேசையில், மன்றத்து ஆயுதப் பொறுப்பாளர் முன்னிலையில் நடந்தது. அவர் என்னைவிட மூத்தவர், ஓய்வுபெற்ற மெக்கானிக். அண்ணன் என்றே எல்லாரும் கூப்பிடுவோம். மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்து, தோட்டா அறை காலியாக இருப்பதை அவர் பார்த்தார், நான் பார்த்தேன், பிறகு அவர் மறுபடி பார்த்தார். அந்த மேசைக்குத் தோட்டாக்கள் வரவே கூடாது என்பது அவர் வைத்திருக்கும் சட்டம்.

மார்க் 4இல் பின்புறப் பொத்தானை அமுக்கினால் மேற்பகுதி சாய்ந்து திறந்துகொள்ளும், போல்ட் வழுக்கி வெளியே வந்துவிடும். அடைப்புத் திருகுகளை எடுத்தோம். துளைகளில் இருந்த எண்ணெயை ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தோம். பஞ்சு கறுக்காமல் வரும்வரை அண்ணன் விடவில்லை. எண்ணெய் மிச்சமிருந்தால் திருகுப் பசை பிடிக்காது. பிறகு தட்டை வைத்துப் பசையில்லாமல் திருகுகளைக் கையால் ஏற்றினோம்.

“தம்பி, இறுக்காதீர்கள். முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள்” என்றார். வெறும் உடலை விளக்குக்கு நேராகப் பிடித்து, பின்வழியாக எட்டிப் பார்க்கச் சொன்னார். உருளையின் உட்புறம் பளபளவென்று ஒரே வளைவாக ஓடியது. அதன் மேற்கூரையில் முன்துளையின் இடத்தில் மட்டும், நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு முனை வெளிச்சத்தில் மின்னியது. தட்டோடு வந்த உறையில் இரண்டு நீளத்தில் திருகுகள் இருந்தன. நீளமானது அந்தத் துளைக்கு அதிகம். போல்ட் வேகமாகப் பின்னால் ஓடும்போது அந்த முனையில் உரசினால் முதலில் தோட்டா சரியாக ஏறாது, பிறகு போல்ட்டே கீறிப்போகும். குட்டையானதை மாற்றிப் போட்டோம். மறுபடி எட்டிப் பார்த்தபோது வளைவு முழுமையாக இருந்தது. போல்ட்டைத் திரும்பச் செருகி, விரலால் மெதுவாகப் பின்னால் இழுத்து முன்னால் விட்டோம். எங்கும் தடங்கல் இல்லை. தாழ்வான மவுண்ட் போடுபவர்கள் இந்த ஒரு சோதனையை விட்டுவிடவே கூடாது. தட்டு மெல்லியதாக ஆக, திருகு உள்ளே போகும் நீளம் கூடுகிறது.

இன்னும் இரண்டு இடங்களில் தாழ்வு தொல்லை தரலாம். ஒன்று, போல்ட்டை இழுக்கப் பின்னால் உள்ள காதுகளை இரு விரலால் பிடிக்கிறோமே, அங்கே கருவியின் உடல் விரலில் இடிக்கக்கூடாது. மற்றொன்று, வெற்றுத் தோட்டா வெளியேறும் வலப்பக்கச் சாளரம். கருவி அகலமாக இருந்து சாளரத்தின் மேல் தொங்கினால் வெற்றுத் தோட்டா அதில் மோதித் திரும்பிச் சிக்கும். எனக்கு இரண்டும் சரியாக இருந்தன. வாங்குமுன் காகிதத்தில் அகலத்தை வெட்டி வைத்துப் பார்த்திருந்தேன்.

திருகுகளில் நீல நிறப் பசை ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், அதைக் கழற்றச் சூடு வைக்க வேண்டியிருக்கும். தயாரிப்பாளர் தாளில் கொடுத்திருந்த முறுக்கு அளவுக்கு முறுக்குச் சாவி வைத்தே இறுக்கினோம், கை மதிப்பில் விடவில்லை. திருகின் தலையிலும் தட்டிலும் சேர்த்து வெள்ளை வண்ணத்தில் ஒரு கோடு இழுத்தார் அண்ணன். திருகு நகர்ந்தால் கோடு உடையும். பசை முழுதாக இறுக 24 மணி நேரம் வேண்டும் என்பதால் அன்று சுடவில்லை.

சுடும் நாளில் 10 மீட்டரில் தொடங்கினோம், குண்டு எங்கே தப்பினாலும் தாளில் தெரியட்டும் என்று. அங்கே குண்டுகள் புள்ளிக்குச் சற்றுக் கீழே விழுந்தால் பதறி மேலே ஏற்றாதீர்கள். கருவி குழலுக்கு மேலே இருப்பதால், 25 மீட்டருக்குச் சரியாக வைத்தது கிட்டத்தில் கீழேதான் அடிக்கும். எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்; 25 மீட்டரில் ஒரு எம்ஓஏ ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். என் கருவியில் சரிசெய்யும் திருகை ஒரு கிளிக் திருப்பினால் ஒரு எம்ஓஏ நகரும். புள்ளியின் அளவு 3 எம்ஓஏ, அதாவது அந்தத் தூரத்தில் சுமார் 22 மில்லிமீட்டரை மறைக்கிறது. இலக்கின் பத்து மதிப்பெண் வளையம் 50 மில்லிமீட்டர் என்பதால் புள்ளியைச் சுற்றி இடம் மீதி இருக்கிறது. ஒரு குண்டைப் பார்த்துத் திருகைத் திருப்பாமல், ஐந்து குண்டு சுட்டு அவற்றின் நடுவை அளந்து திருப்பினோம். குண்டுகள் இடப்பக்கம் கூடின, வலம் நகர்த்தினோம், அடுத்த ஐந்து கறுப்பின் நடுவுக்கு வந்தன.

நம் ஊருக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். குளிர்சாதன ஆயுதக் கிடங்கிலிருந்து நேராகத் திறந்த சுடுதளத்துக்குக் கொண்டுவந்தால் கண்ணாடி உடனே பனித்துவிடும். துடைத்தால் மறுபடி பனிக்கும். பெட்டியைத் திறந்து, கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை காத்திருப்பதுதான் வழி. வெயிலில் புள்ளியின் ஒளியைக் கூட்டிவிட்டு, மேகம் மூடியபின் குறைக்க மறந்தால் புள்ளி தெறித்துப் பெரிதாகிவிடும். உருளைப் பார்வை (அஸ்டிக்மாடிசம்) உள்ளவர்களுக்குப் புள்ளி எப்போதுமே வால்நட்சத்திரம்போல் இழுபட்டுத் தெரியலாம். அவர்கள் வாங்குமுன் யாருடைய கருவியையாவது கண்ணாடி அணிந்தபடி பார்த்துவிடுவது நல்லது.

கண்ணை மூடி, கையை உயர்த்தி, திறந்து பார்த்தேன். புள்ளி கண்ணாடிக்குள்ளேயே இருந்தது, நடுவுக்குச் சற்று மேலே. நான் கேட்டது இதைத்தான்.

சில பயிற்சிகளுக்குப் பிறகும் அண்ணனின் வெள்ளைக் கோடு உடையவில்லை. எங்கள் மூத்தோர் பிரிவில் இன்னொருவர், கண்புரை அறுவை முடிந்து திரும்பியவர், தன் ரூகருக்கும் இதே தட்டு வேண்டும் என்கிறார். அவருடைய விண்ணப்பத் தாளை இந்த வாரம் சேர்ந்து எழுதுகிறோம். திருகின் நீளத்தையும் அதில் குறிப்பிடச் சொல்லியிருக்கிறேன்.